கண்ணாடிச் சுவரும் கதிர்ப்படமும்

ஓர் அறிஞனின் சொல்லைப் பிற்காலத்தார் எத்தனை பேர் எடுத்தாண்டார்கள் என்பதைக் கொண்டு அவன் பெருமையை மதிப்பிடும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. உரையாசிரியர் ஒருவர் தம் கூற்றுக்குச் சான்றாக ஒரு செய்யுளை எடுத்துக்காட்டினாரென்றால், அந்நூல் சான்றோர் அவையில் இடம்பெற்றுவிட்டது என்பது பொருள். தகடூர் யாத்திரை என்ற நூல் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. உரைகளிலும் புறத்திரட்டிலும் மேற்கோளாக வந்த செய்யுட்கள் இல்லையேல் அதன் சுவையை நாம் அறிந்திருக்க மாட்டோம். இவ்வாறு மறைந்துபோன தமிழ் நூல்களைப் பற்றி மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1959 ஆம் ஆண்டில் தனி நூலே எழுதினார்கள். மேற்கோள் ஒரு நூலுக்கு மதிப்பைத் தருவதோடு, சில வேளைகளில் உயிரையும் தருகிறது.

அறிவியல் உலகமும் இதே அளவுகோலைத்தான் இன்று கையிலெடுத்திருக்கிறது. ஆனால் உரையாசிரியர் மேற்கோளைச் சுவைத்தார்; இக்காலத்தவரோ அதை எண்ணுகின்றனர். எண்ணிவந்த தொகையைக் கொண்டு பதவி தருகின்றனர், பணம் ஒதுக்குகின்றனர், சிலரை வாசலிலேயே நிறுத்தியும் விடுகின்றனர்.

இதை நான் ஆராயத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு கடிதம். மாத்தளையில் நெடுங்காலம் பௌதிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் பஸ் ஏறி வந்து என்னிடம் படித்த மாணவர் ஒருவர், இன்று வெளிநாட்டில் மருத்துவப் படிமவியல் ஆய்வாளராக இருக்கிறார். குறைந்த அளவு எக்ஸ் கதிரைச் செலுத்தித் தெளிவான படத்தைப் பெறுவது எங்ஙனம் என்பது அவருடைய ஆராய்ச்சி. விரிவுரையாளர் பதவியொன்றுக்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்றுவந்த பின் அவர் எழுதியிருந்தார்: “சேர், என்னுடைய எண் ஒன்பது. அதைக் கேட்டார்கள், குறித்துக்கொண்டார்கள். நான் எதைக் கண்டேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.”

ஒரு மனிதனின் பத்தாண்டு உழைப்பு எவ்வாறு ஒன்பது என்ற ஓர் இலக்கத்துள் அடங்கிற்று?

எண் பிறந்த கதை

நூல்களையும் நூலகங்களையும் கணிதத்தால் அளக்கலாம் என்று முதலில் முன்மொழிந்தவர்களுள் ஒருவர் ஒரு தமிழர். சீர்காழியிலே 1892 ஆம் ஆண்டு பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களே அவர். 1948 இல் இங்கிலாந்தில் நடந்த நூலகர் மாநாடொன்றில், பொருளியலுக்கும் உயிரியலுக்கும் தனித்தனி அளவையியல்கள் இருப்பதுபோல் நூலகத்துக்கும் ஓர் அளவையியல் வேண்டும் என்று அவர் எடுத்துரைத்தார். நூலகத்தைச் செம்மையாக நடத்துவதற்குக் கணக்கு வேண்டும் என்பதே அவர் கருத்து. மனிதரைத் தரம் பிரிப்பது அவர் நோக்கமன்று.

மேற்கோளை எண்ணுவதற்கு வழிவகுத்தவர் அமெரிக்கரான யூஜின் கார்பீல்ட். ஒரு வழக்கின் தீர்ப்பைப் பின்வந்த எந்த எந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று காட்டும் அட்டவணை 1873 முதல் அமெரிக்க வழக்கறிஞரிடையே வழங்கிவந்தது. அத்தகைய அட்டவணை அறிவியற் கட்டுரைகளுக்கும் வேண்டும் என்று அவர் 1955 இல் எழுதினார். 1964 இல் அறிவியல் மேற்கோள் அகராதி நிலைபெற்றது. ஒரு கருத்து எங்கே பிறந்து எங்கெங்கே சென்றது என்று தேடுவோருக்கு அது ஒரு கைவிளக்கு. விளக்காக வந்தது தராசாக மாறியது பின்னர் நேர்ந்தது.

அந்தத் தராசின் மிகச் சிறிய படிக்கல்லை 2005 இல் வடித்தவர் கலிபோர்னியாவிலே பௌதிகப் பேராசிரியரான ஹோர்ஹே ஹிர்ஷ். ‘எச்-சுட்டெண்’ என்று அது வழங்குகிறது. ஒருவர் எழுதிய கட்டுரைகளுள் ஒன்பது கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது ஒன்பது முறையேனும் பிறரால் எடுத்தாளப்பட்டிருந்தால் அவருடைய எண் ஒன்பது. பத்தாவது கட்டுரையும் பத்து முறையை எட்டும் வரை அது பத்தாகாது.

கணக்கு எளியது, விளைவு விந்தையானது. மூன்றே கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றும் ஆயிரம் முறை எடுத்தாளப்பட்டவருக்கு எண் 3. இருபது கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றும் இருபது முறை எடுத்தாளப்பட்டவருக்கு எண் 20. முன்னவரின் மேற்கோள்கள் 3,000, பின்னவருடையவை 400. தேர்வுக் குழுவின் முன் வெல்பவர் பின்னவரே. ஒருவருடைய பல முகங்களை ஓரெண் தோராயமாகத்தான் காட்டும் என்று ஹிர்ஷ் அவர்களே தம் கட்டுரையில் எச்சரித்திருந்தார். எண் பரவிய அளவுக்கு எச்சரிக்கை பரவவில்லை.

சிகிரியாவில் எழுதாதவர்கள்

மேற்கோளை எண்ணுவதில் உள்ள சிக்கலை உணர நாம் மாத்தளை மாவட்டத்தை விட்டு வெளியே போகவேண்டியதில்லை. சிகிரியாக் குன்றின் ஓவியப் பெண்களைக் கண்டு இறங்கியவர்கள் வழியிலுள்ள கண்ணாடிச் சுவரிலே தம் உள்ளக் கிளர்ச்சியைச் செய்யுளாகக் கீறிச் சென்றார்கள். பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை எழுதப்பட்ட அவற்றுள் 685 செய்யுட்களைப் படித்தறிந்து, 1956 இல் நூலாக்கி வெளியிட்டார் பேராசிரியர் சேனரத் பரணவிதான. ஓர் ஓவியத்தின் தாக்கத்தை அளக்க இதைவிட நல்ல பதிவேடு வேறெங்கே கிடைக்கும்?

ஆயினும் அந்த 685 என்ற எண் எதைச் சொல்கிறது? எழுத்தறிந்தவர், செய்யுள் யாக்கத் தெரிந்தவர், சுவரில் இடம் கண்டவர் எத்தனை பேர் என்பதையே சொல்கிறது. கண்டு நெஞ்சுருகி, எழுத்தறியாமையால் வாய் பேசாது சென்ற உழவனும் கல்தச்சனும் அதில் இல்லை. எழுதியவர் எல்லாரும் புகழ்ந்தவருமல்லர். தம்மோடு பேசாத அப்பெண்களைக் கல்நெஞ்சினர் என்று நொந்து பாடியவரும் உளர். எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்வோவியங்களைத் தீட்டியவன் பெயரை இன்றுவரை எவரும் அறியார். அறுநூற்றுக்கு மேற்பட்ட பாராட்டுகளும் ஏசல்களும் இருந்தும், உரியவனின் கணக்கில் ஒன்றுகூட ஏறவில்லை.

மருத்துவப் படிமவியலின் கண்ணாடிச் சுவரும் இத்தகையதே. அங்கும் எழுதுபவர் சிலர், பயன்பெறுவோர் பலர். தலையில் அடிபட்ட தோட்டத் தொழிலாளி ஒருவரைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்று சி.ரி. ஸ்கான் எடுக்கிறார்கள். மூளையுள் உறைந்த இரத்தம் எங்கே என்று படம் காட்டுகிறது; உயிர் பிழைக்கிறது. பிழைத்தவர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப்போவதில்லை, அடிக்குறிப்பும் இடப்போவதில்லை. அப்படத்தைச் சாத்தியமாக்கிய கணிதத்தை அமைத்தவரின் கணக்கில் இந்த உயிர் எந்த நிரலில் சேரும்?

நிழலிலிருந்து பொருள்

அக்கணிதத்துக்கு உழைத்தவர்களுள் இருவர் நம்மவர். ஒருவர் கோ. நா. இராமச்சந்திரன் அவர்கள். 1922 இல் எர்ணாகுளத்தில் பிறந்த அவர், 1952 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று காட்டியவர். புரதங்களின் வடிவை ஆராய்வோர் இன்றும் பயன்படுத்தும் ‘இராமச்சந்திரன் வரைபடம்’ 1963 இல் அவரும் அவர் மாணாக்கரும் வெளியிட்ட கட்டுரையிற் பிறந்தது. மற்றவர் அவருடன் உழைத்த ஏ. வி. லட்சுமிநாராயணன்.

அவர்கள் எடுத்துக்கொண்ட வினாவை ஒரு பலாப்பழத்தைக் கொண்டு விளக்கலாம். பழத்தை அறுக்காமல் உள்ளே எந்தச் சுளையில் கொட்டை எங்கே கிடக்கிறது என்று அறிய வேண்டும். ஒரு பக்கமிருந்து எக்ஸ் கதிரைச் செலுத்தினால் கிடைப்பது ஒரு நிழல்; முன்னுள்ளதும் பின்னுள்ளதும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்திருக்கும். பழத்தைச் சுற்றிலும் பல கோணங்களிலிருந்து நிழலெடுத்து, ஒவ்வொரு நிழலையும் அது வந்த வழியே திரும்பப் பூசினால், கொட்டை இருக்குமிடத்தில் எல்லாப் பூச்சுகளும் ஒன்றுகூடி அவ்விடம் தடித்துத் தெரியும். ஆனால் பூச்சின் எச்சங்கள் சுற்றிலும் பரவி, மார்கழி விடியலில் மாத்தளை மலைகளை மூடும் பனிமூட்டம் போலப் படம் மங்கிவிடும்.

அம்மூட்டத்தை நீக்கப் பூரியர் உருமாற்றம் என்ற கணித முறை அறியப்பட்டிருந்தது. அக்காலக் கணினிகளுக்கு அது பெருஞ்சுமை. இருவரும் 1971 இல் அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகத்தின் ஏட்டில் வெளியிட்ட கட்டுரையில் நேர்வழியொன்றைக் காட்டினார்கள். நிழலைத் திரும்பப் பூசுமுன், அதன் ஒவ்வோர் அளவீட்டோடும் அண்டை அளவீடுகளைக் குறித்த எடைகளாற் பெருக்கிக் கூட்டிவிட வேண்டும். நடு அளவீட்டுக்கு நேர் எடை. இருபுறமும் ஒற்றைப்பட இடங்களுக்கு எதிர் எடை, அதுவும் தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைந்து செல்வது. இரட்டைப்பட இடங்களுக்குச் சுழி. இத்துணைதான். எதிர் எடைகள் மூட்டத்தை முன்கூட்டியே கழித்துவிட, படம் தெளிந்துவிடுகிறது. உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் கூட்டல் பெருக்கல் கொண்டே செய்து பார்க்கத்தக்க முறை இது. அதே ஆண்டில் இராமச்சந்திரன் அவர்கள் இந்திய ஏடொன்றில் எழுதிய மற்றொரு கட்டுரைக்கு, நிழலிலிருந்து பொருளை மீட்டல் என்ற பொருள்படத் தலைப்பிட்டிருந்தார். இத்துறையின் சாரம் முழுவதும் அத்தலைப்பில் இருக்கிறது.

அக்கட்டுரை அமெரிக்காவில் அச்சானது 1971 செப்டெம்பரில். கொட்பிரி ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த கருவி இலண்டன் ஆஸ்பத்திரியொன்றில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது அதே ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி. ஹவுன்ஸ்பீல்ட் தொடக்கத்தில் கையாண்டது வேறு கணக்கு முறை; ஆனால் விரைவிலேயே வடிகட்டித் திரும்பப் பூசும் முறை கருவிகளில் இடம்பிடித்துப் பல பத்தாண்டுகள் அத்துறையை ஆண்டது. 1979 இல் மருத்துவத்துக்கான நொபெல் பரிசு ஹவுன்ஸ்பீல்டுக்கும் அலன் கோர்மக்குக்கும் கிடைத்தது. இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நீதியாகாது. வானொலி அலைகளைக் கொண்டு விண்ணை ஆராய்ந்த பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் 1967 இலேயே இதனையொத்த முறையொன்றைத் தம் துறைக்கென அமைத்திருந்தனர். ஒரே ஊற்று இரண்டு இடங்களில் பீறிடுவது அறிவியலில் அரிதன்று.

எண்ணின் முன் நிறுத்திப் பார்த்தால்

இனி இவர்களை இக்கால எண்ணின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

படிமக் கணிதத்தில் இராமச்சந்திரன் அவர்கள் எழுதிய கட்டுரைகள் ஒரு கைவிரல்களில் அடங்கும். நான்கு கட்டுரை எழுதியவருக்கு எச்-சுட்டெண் நான்கைத் தாண்ட வழியே இல்லை. உலகமே எடுத்தாண்டாலும் நான்குதான். படிமவியல் ஆய்வாளர் என்ற முறையில் அவர் இன்று விண்ணப்பித்தால், என் மாணவருடைய ஒன்பது அவரைத் தோற்கடித்துவிடும்!

கோர்மக்கின் கதை இதனினும் சுவையானது. தென்னாபிரிக்காவின் கேப் டவுன் ஆஸ்பத்திரியில் 1956 இல் பகுதிநேரப் பௌதிகவியலாளராகப் பணிபுரிந்தபோது அவருக்கு இவ்வினா தோன்றிற்று. விடையை 1963 இலும் 1964 இலும் இரண்டு கட்டுரைகளாக வெளியிட்டார். வரவேற்பு ஏறத்தாழ இல்லை. கட்டுரையின் படி கேட்டு வந்த கடிதங்களுள் மிகவும் சுவையானது சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்ததாம். மலைமேற் படிந்த பனியை அளக்க அம்முறை உதவுமா என்பது அவர்கள் எண்ணம். மேற்கோள் அகராதி பிறந்த 1964 ஆம் ஆண்டும் கோர்மக்கின் இரண்டாம் கட்டுரை வெளியான ஆண்டும் ஒன்றே. அடுத்த சில ஆண்டுகளில் அவ்வகராதியைப் புரட்டிய எந்தத் தேர்வுக் குழுவும் அவரைப் பொருட்படுத்தியிராது. பதினைந்து ஆண்டுகளில் அவரே நொபெல் மேடையேறினார்.

கோர்மக்குக்கு முன்னரே இக்கணிதத்தின் வேரைக் கண்டவர் ஆஸ்திரியக் கணிதர் யொஹான் ராடன். 1917 இல் ஜெர்மன் மொழியில், லைப்சிக் நகரக் கழகமொன்றின் ஏட்டில் அவர் எழுதிய கட்டுரை நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. அதைப் பற்றிக் கோர்மக்கே பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தார். இவ்வாறு நீண்ட துயில் கொண்டு பின் விழித்தெழும் கட்டுரைகளை ‘உறங்கும் அழகிகள்’ என்று 2004 இல் வான் ரான் என்ற அறிஞர் பெயரிட்டார். அழகி எப்போது விழிப்பாள் என்று எந்த எண்ணும் முன்னறிந்து சொல்வதில்லை.

துயிலுக்கு நேர்மாறான மற்றொரு மறைவும் உண்டு. ஒரு கருத்து அளவுக்கு மிஞ்சி வெற்றி பெற்றுவிட்டால் அதற்கு உரியவரைச் சுட்டுவதையே உலகம் விட்டுவிடும். சமூகவியலறிஞர் ரொபேர்ட் மேர்ட்டன், உள்ளடங்கி மறைதல் என்ற கருத்துப்பட இதைக் குறித்தார். நம் தொல்காப்பியரை நினைத்துப் பாருங்கள். முன்னோர் கூறியதைச் சொல்லுமிடத்து ‘என்ப’, ‘மொழிப’ என்று முடிப்பார்; கூறியவர் யாவர் என்று பெயர் சுட்டார். அவருக்கு முன் வாழ்ந்த இலக்கணிகள் அச்சிறு வினைமுற்றுகளுள் மறைந்து வாழ்கிறார்கள்.

இராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் அவ்வாறே ‘ராம்–லாக்’ என்ற ஈரசைச் சொல்லாகிவிட்டார்கள். பொறியியல் மாணவர் பலர் பயன்படுத்தும் மாட்லாப் என்ற கணினி மென்பொருளில், நிழலிலிருந்து படத்தை மீட்கும் கட்டளையைக் கொடுத்தால், வேறு வடிகட்டி கேட்டாலொழிய, அது தானாகவே எடுத்துக்கொள்வது ராம்–லாக் வடிகட்டியைத்தான். அதைப் பயன்படுத்துவோருள் 1971 ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தம் அடிக்குறிப்பில் சேர்ப்போர் எத்தனை பேர்? ராம் என்பதும் லாக் என்பதும் இரு மனிதரின் பெயர்கள் என்று அறிந்தோர்தாம் எத்தனை பேர்? கருவியுள் கரைந்துபோவதே படிமவியலாளனின் பெருவெற்றி. கரைந்தபின் எண்ணுவதற்கு எஞ்சுவது குறைவு.

எண்ணே வேண்டாமா?

இவ்வளவும் கூறியதனால் எண்ணைத் தூக்கியெறிய வேண்டும் என்று நான் சொல்வதாக வாசகர் கொள்ளலாகாது. எண்ணில்லாத காலத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். அக்காலத்தில் பெரியவரின் பரிந்துரைக் கடிதம் பேசியது; குலமும் ஊரும் பேசின; எந்தக் கல்லூரியின் கழுத்துப்பட்டி என்பது பேசியது. கடிதம் எழுதித்தர ஆளில்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு, எங்கோ ஒரு நாட்டில் முகமறியாத ஒருவர் தன் கட்டுரையை எடுத்தாண்டார் என்பது எத்துணைப் பெரிய துணை! என் மாணவர் அந்த வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துள் நுழைந்ததும் அத்தகைய மேற்கோள்களின் வலிமையாலேயே. எண் கதவைத் திறக்கட்டும். கதவைத் திறந்தபின் உள்ளே வந்தவனை யாரென்று கேட்பது மனிதர் கடமை.

கேட்பதற்கும் முறை உண்டு. முதலாவது, ஒப்பிடுவோரை ஒத்த நிலத்தில் நிறுத்த வேண்டும். மருத்துவப் படிமவியலுள்ளேயே துறைக்குத் துறை எண்ணிக்கை மாறும். நரம்புவலை கொண்டு படத்தைப் பகுக்கும் ‘யூ-நெற்’ என்ற முறையை விவரித்து 2015 இல் மியூனிக் மாநாட்டில் வெளிவந்த ஒரு கட்டுரை, பல்லாயிரக்கணக்கான முறை எடுத்தாளப்பட்டுவிட்டது. அத்துறையில் எழுதுவோர் பெருங்கூட்டம். கதிரின் அளவைக் குறைக்கும் கணிதத்தில் உழைப்போர் சிறு கூட்டம். மிளகுக் கொடியையும் பலா மரத்தையும் காய்களின் எண்ணிக்கையால் ஒப்பிடலாமா? இரண்டாவது, எந்தப் பதிவேட்டிலிருந்து எண்ணினார்கள் என்று கேட்க வேண்டும். ஒரு பதிவேடு மாநாட்டுக் கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் சேர்த்துக்கொள்ளும். மற்றொன்று தேர்ந்தெடுத்த ஏடுகளை மட்டும் எண்ணும். ஒரே நாளில் ஒரே மனிதருக்கு இரண்டு எண்கள் கிடைக்கும். மூன்றாவது, பத்துப் பேர் பெயரிட்ட கட்டுரையில் இவர் செய்ததென்ன, தம்மையே தாம் எடுத்தாண்டது எத்தனை, பிறர் எடுத்தாண்டது பாராட்டவா மறுக்கவா என்று பிரித்தறிய வேண்டும். நான்காவது, கட்டுரைக்கு வெளியே உள்ள உழைப்பைக் கேட்க வேண்டும். அவர் எழுதிய கணினி நிரலை யாரேனும் பயன்படுத்துகிறார்களா, அவர் முறையால் நோயாளிக்குச் செல்லும் கதிர் குறைந்ததா என்பன எச்-சுட்டெண்ணில் ஏறா.

இவை என் கண்டுபிடிப்புகளல்ல. ஏட்டின் புகழைக் கொண்டு ஆளை எடைபோடலாகாது என்று 2012 இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனமும், எண் அறிஞரின் தீர்ப்புக்குத் துணையாகலாமேயன்றி அதற்கு ஈடாகாது என்று 2015 இல் வெளிவந்த லைடன் அறிக்கையும் உலகுக்கு உரைத்தவையே. உரைத்தும், எண்ணுவது எளிது, படிப்பது கடினம் என்பதனால் பழைய வழக்கம் பல இடங்களில் நீடிக்கிறது.

ஆதலின், தேர்வுக் குழுக்களில் அமரும் பேராசிரியப் பெருமக்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின், விண்ணப்பித்தவர் எழுதியவற்றுள் சிறந்ததென்று அவரே கருதும் ஒரு கட்டுரையை வாங்கி முழுதும் படியுங்கள். 1971 ஆம் ஆண்டின் அந்தக் கட்டுரை ஐந்தே பக்கம். ஐந்து பக்கம் படிக்க நேரமில்லாத குழுவுக்கு ஒருவரின் வாழ்நாளைத் தீர்மானிக்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

ஆசிரியர்களாகிய நாமும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. எக்ஸ் கதிர்ப் பாடம் வரும் நாளில் கரும்பலகையிலே ‘ராம்–லாக்’ என்று எழுதி, அதை விரித்து இரண்டு முழுப் பெயர்களாகவும் எழுதிக் காட்டலாம். ஒரு நிழலையேனும் தாளில் வரைந்து, எதிர் எடைகள் மூட்டத்தைக் கழிக்கும் விதத்தை மாணவரைக் கொண்டே செய்விக்கலாம். எந்தப் பதிவேடும் அதை ஒரு மேற்கோளாக எண்ணப்போவதில்லை. எனினும் கடன் ஒன்று தீர்ந்திருக்கும்.